இடது செருப்பு

1
இந்தக் கதை வெட்கத்தில் பிறந்தது. தார்வாடில் எங்கள் கல்லூரி இதழுக்காக நான் எழுதிய முதல் வரி:

பாவம், காது கேளாத அந்தச் சிறுமி கங்கவ்வா ஏக்கத்தோடு—

‘பாவம்’ என்பதை ஒருவர் பேனாவால் அடித்துவிட்டார். யாரென்று பிறகு சொல்கிறேன். (என் அப்பா அம்மாவுக்கே காது கேட்காது. எனக்கு முதலில் வந்தது கைமொழி. இருந்தும் இப்படி எழுதினேன்.)

2
கங்கவ்வாவின் காது கேளாதோர் பள்ளிக்கு நான் கைமொழி பெயர்க்கப் போவேன். அங்கே சோதனைக்கு வந்த அதிகாரி அங்கடி சாரை வில்லனாக்கப் பார்த்தேன். மீசை வைத்தேன், ஒட்டவில்லை. பிள்ளைகள் இரண்டே நிமிடத்தில் அவருக்குச் சைகைப் பெயர் வைத்துவிட்டார்கள்: காதுமுடி. என் பெயர் கொட்டாவி. எனக்குப் புகார் இல்லை.

கங்கவ்வாவுக்குப் படிக்க வரவில்லை என்று அவர் எழுதினால், அவளுக்கு மூன்றாவது முறையாக மூன்றாம் வகுப்பு.

“வாய்விட்டுப் படிம்மா.”

அவள் பக்கத்தைப் பார்த்துக் கையால் படித்தாள்.

“இது படிப்பா, டான்ஸா?”

“படிப்புதான் சார். நான் வேணா சொல்றேன், ‘நரி கெணத்துல—’”

“நீ சொன்னா நீ படிச்சதுப்பா. அந்த டீச்சரும் கண்ணால ஜாடை காட்டுது. ரெண்டு பேரும் வெளியில நில்லுங்க.”

3
(இங்கே கட்டுரை கொஞ்சம் நுழைகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். காது கேட்கும் குழந்தை ‘ம-ர-ம்’ என்று எழுத்துக் கூட்டி, ஒலியைப் பிடித்து மரத்தை அடையும். கங்கவ்வாவின் கையில் மரம் சைகையாக முன்பே இருந்தது. அவள் வகுப்பு டீச்சர் சுனந்தாவுக்கும் காது கேட்காது. அவர் கதையைக் கையால் சொல்வார், பக்கத்தைக் காட்டுவார், மறுபடி கையால் சொல்வார். கைக்கும் அச்சுக்கும் முடிச்சு விழ நாலு வருஷம்.)

4
அங்கடி சார் கதவைச் சாத்தினார். ஜன்னல் நான்கும் திறந்தே இருந்தன. காது கேட்கிறவர்களின் புத்தி!

நான் ஜன்னல் பக்கம் கையைத் தூக்கினேன். டீச்சர் என் முன்னால் வந்து கையால் அதட்டி, தோளைப் பிடித்துச் சுவரைப் பார்க்கத் திருப்பினார்.

“திரும்பி நில்லுடா கொட்டாவி. நம்ம ஊர்ல முதுகுதான் கதவு. அவ தானா ஜெயிக்கட்டும்.”

ஆகவே, கதையின் முக்கியமான கட்டத்தில் ஆசிரியர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அழுதாள் என்று ஒரு பிரதி எழுதினேன். அவர் அழுதார் என்று இன்னொன்று. இரண்டும் குப்பை.

நான் கண்டது இவ்வளவே: சுவரடியில் செருப்பு வரிசை. கதவு திறந்தது. ஒரு சின்னக் கை வந்து அங்கடி சாரின் இடது செருப்பை மட்டும் எடுத்துப் போனது.

தொலைந்தோம் என்று நினைத்தேன்.

5
பின்னாலேயே அங்கடி சார், அவளுக்குப் படிக்கக் கொடுத்த சீட்டோடு வந்தார். யாரும் ஊகிக்க முடியாததாக யோசித்துக் கன்னடத்தில் எழுதியிருந்தார்: ‘என் இடது செருப்பை மைதானத்துப் புங்கமரத்தடியில் வை.’

புங்கமரத்தடியில் செருப்பு. பக்கத்தில் கங்கவ்வா, இடுப்பில் கை.

“படிக்கிறா!” என்றார் அவர், மறைக்காத வியப்போடு. நான் அதைக் கையால் சொன்னேன். ஜன்னல்களில் நாற்பது கைகள் எழுந்து காற்றில் சுழன்றன. அதுதான் எங்கள் கைதட்டல்.

“செருப்பக் கொண்டா தாயி,” என்று அவர் சைகையிலேயே கேட்டார். அவருடைய முதல் சைகை.

அவள் ஓடி வந்து சீட்டைச் சுட்டினாள். ‘திரும்பக் கொண்டு வா’ என்று அதில் இல்லை.

6
இப்போது நான்காம் வகுப்பில் இருக்கும் கங்கவ்வாதான் அந்தப் ‘பாவ’த்தை அடித்தவள். நான் எழுதிய மூன்று முடிவுகளையும் அடித்துவிட்டாள்.

வேண்டுமென்றால் முடிவு புங்கமரத்தடியில் கிடக்கிறது. வெயில் சுடும். அங்கடி சார் மாதிரி நீங்களே நொண்டிக்கொண்டு போய் எடுத்துக்கொள்ளுங்கள்.