பென்சில் கொடுக்க வந்த கப்பல்

கப்பல் வருகிற நாளில் அந்தத் தீவுப் பள்ளிக்கூடத்தில் பாடம் நடக்காது. அப்படி யாரும் சட்டம் போடவில்லை. தானாக வந்து உட்கார்ந்துகொண்ட வழக்கம் அது. காலையில் கடலில் வெள்ளையாக ஒரு கட்டடம் மிதந்து நிற்பது தெரிந்தால் போதும், பிள்ளைகளின் கண் கரும்பலகையில் நிற்காது. மணி அடித்து எல்லாரையும் வெளியே வரச்சொல்லி வெயிலில் வரிசையாக நிற்க வைப்பார்கள். படகில் இறங்கி வருகிறவர்கள் பை நிறையப் பென்சிலும் நோட்டும் க்ரேயானும் கொண்டுவருவார்கள். கொடுப்பார்கள், படம் எடுத்துக்கொள்வார்கள், மதியச் சாப்பாட்டுக்குக் கப்பலுக்குத் திரும்பிவிடுவார்கள்.

கணக்கு டீச்சருக்கு இது பிடிக்காது. அறிவியலுக்கு ஆள் போடாததால் அதையும் அவள்தான் எடுத்தாள். கழிப்பறைக்குத் தண்ணீர் வராது. பெரிய பெண்கள் இடைவேளையில் வீட்டுக்கு ஓடிவிட்டுப் பாதிப் பாடம் முடிந்த பிறகுதான் திரும்புவார்கள். ஆனால் அலுவலக அறையில் பீரோவைத் திறந்தால் பென்சில் பெட்டிகள் தலையில் விழும். க்ரேயான்கள் வெயிலுக்கு உருகி ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிக் கிடந்தன. உங்களுக்கு என்ன வேண்டும் என்று ஒருத்தராவது கேட்டதில்லை. பசித்தவனுக்குப் பல்குச்சி கொடுக்கிற கதை என்று அவள் சொல்வாள்.

தலைமையாசிரியர் கெட்டவர் இல்லை. இந்தப் படங்களை எங்கேயோ பார்த்து எவரோ மனம் இளகி, ஒரு நாள் புதுக் கட்டடமே கட்டிக்கொடுத்துவிடுவார் என்று இலவு காத்த கிளியாக இருந்தார், அவ்வளவுதான்.

டீச்சரின் வாயை அடைக்க ஒரு காரணம் இருந்தது. தீவின் துறையில் ஆழம் போதாது. கப்பல் தள்ளித்தான் நிற்கும். அங்கிருந்து ஆட்களை ஏற்றி இறக்குகிற படகுகளில் ஒன்று அவள் புருஷனுடையது. அவர் கைக்கு வருவது கப்பல் காசு, அவள் கோபமும் அதே கப்பல்மேல். அதனால் வீட்டில் அந்தப் பேச்சை இருவரும் எடுப்பதே இல்லை.

அன்றைக்கு நாலாம் வகுப்புக்கு அரையாண்டுக் கணக்குப் பரீட்சை. பிள்ளைகள் பாதி எழுதியிருந்தார்கள். தலைமையாசிரியர் வாசலில் வந்து நின்றார்.

"டீச்சர், பேப்பரை வாங்கி வைங்க. அப்புறம் எழுதிக்கலாம்."

பரீட்சையை நடுவில் நிறுத்தினால் அது பரீட்சையா என்று கேட்டாள். கப்பல் ஆட்களைக் கூட்டிவருகிற கைடு துறைக்கு வந்துவிட்டான், பத்துப் பதினைந்து பேர் கூடவே வருகிறார்கள் என்றார் அவர். அவள் தாள்களைப் பிடுங்காத குறையாக வாங்கி மேசைமேல் அடித்து வைத்தாள். கடைசியாகக் கொடுத்தது வாலு. ஒரு இடத்தில் அடங்கி உட்காராததால் அந்தச் சிறுமிக்கு அந்தப் பெயர். ஆனால் கணக்கென்றால் மட்டும் பசைபோட்டாற்போல உட்கார்ந்துவிடுவாள். இன்னும் ஒரு கணக்குதான் மிச்சம் டீச்சர் என்று கெஞ்சினாள். அவள் அம்மா ஐஸ் பேக்டரியில் ஐஸ் உடைக்கிறவள். அப்பா கிடையாது.

வந்தவர்களில் அகலமான தொப்பி வைத்த ஒரு அம்மா இருந்தார். ஏதோ பெரிய வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவராம். மற்றவர்கள் கப்பல் கடையில் விற்கிற பையை அப்படியே வாங்கி வந்திருக்க, இவர் தானே பார்த்துப் பார்த்து வாங்கியிருந்தார். பிள்ளைகள் கையில் வாங்கினதும் எழுதவேண்டும் என்று, ராத்திரி தன் அறையில் உட்கார்ந்து ஒவ்வொரு பென்சிலையும் தானே சீவியிருந்தார். அதை டீச்சரிடம் சந்தோஷமாகச் சொன்னார்.

ஒவ்வொருத்தருக்காகக் கொடுக்கத்தான் தொப்பிக்காரம்மா ஆரம்பித்தார். கைடு தடுத்தான். அப்படிக் கொடுத்தால் படம் நன்றாக வராது, கட்டாகக் கையில் தூக்கிப் பிடியுங்கள் என்றான். பிள்ளைகளை வரிசை கலைந்து சுற்றி வரச்சொன்னான். கையை நீட்டுங்க, இன்னும் மேலே, சிரிச்சுக்கிட்டே என்று சொல்லிக்கொண்டே பின்னால் நகர்ந்தான். வேண்டாம், தள்ளுவார்கள் என்று டீச்சர் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. முன்னால் இருந்தவர்கள் எட்டிப் பறித்தார்கள். பின்னால் இருந்தவர்கள் எங்கே தீர்ந்துவிடுமோ என்று நெருக்கினார்கள். கைக்குக் கிடைத்த பென்சிலோடு ஒரு பையன் திரும்பினான். அவன் முதுகுக்குப் பின்னால்தான் வாலு எம்பிக்கொண்டு நின்றாள்.

அவள் கத்தவில்லை. கண்ணைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். விரல் இடுக்கில் ரத்தம் வந்த பிறகுதான் எல்லாருக்கும் புரிந்தது.

சுகாதார நிலையம் பூட்டிக் கிடந்தது. நர்ஸ் வாரத்தில் ஒரு நாள் வருவாள், அது அந்த நாள் இல்லை. அவசரத்துக்கென்று அரசாங்கம் கொடுத்த வேகப்படகு பழுதாகி மணலில் கிடந்தது. சாதாரணப் படகில் எதிர்க்கரைக்குப் போக மூன்று மணி நேரமாகும். டீச்சர் பிள்ளையை அள்ளிக்கொண்டு துறைக்கு ஓடினாள். தொப்பிக்காரம்மா தொப்பி விழுந்தது தெரியாமல் பின்னால் ஓடி வந்தார்.

"கப்பல்ல டாக்டர் இருக்கார். ஆபரேஷன் ரூமே இருக்கு. எனக்கு நேத்து பிபி பார்த்தார். வாங்க, நான் சொல்றேன்."

டீச்சருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. புருஷன் படகை எடுத்தார். ஐஸ் பேக்டரியிலிருந்து வாலுவின் அம்மா நனைந்த சேலையோடு ஓடி வந்து ஏறினாள். பிள்ளையை மடியில் வாங்கிக்கொண்டாள்.

கப்பலின் பக்கத்தில், தண்ணீர் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே, ஏறி இறங்க ஒரு கதவு உண்டு. அங்கே வெள்ளை உடுப்பில் ஒரு அதிகாரி நின்றான். தொப்பிக்காரம்மா கழுத்தில் தொங்கிய அட்டையைக் காட்டினார். மெஷின் பீப் என்றது, ஏறிக்கொண்டார். அவர் பின்னாலேயே டீச்சர் காலைத் தூக்கி வைத்தாள். அதிகாரி குறுக்கே கையை நீட்டினான்.

"பயணிங்க மட்டும்தான் மேடம்."

"குழந்தைக்குக் கண்ணு போகுது."

"புரியுதுங்க. எனக்கு அதிகாரம் இல்லை. மேல கேட்டுச் சொல்றேன்."

தொப்பிக்காரம்மா அவனிடம் வாதாடிப் பார்த்தார். பிறகு, நானே டாக்டரைக் கையோடு கூட்டி வருகிறேன், இங்கேயே இருங்கள் என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். கதவு மூடிக்கொண்டது.

காத்திருந்தார்கள். படகு கப்பலின் வயிற்றில் மோதாமல் இருக்க டீச்சரின் புருஷன் கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டே இருந்தார். மேல் தளத்தில் பாட்டு ஓடியது. யாரோ நீச்சல் குளத்தில் குதிக்கிற சத்தம் கேட்டது. சிலர் கம்பியில் சாய்ந்து கீழே பார்த்தார்கள். ஒருத்தி போனை எடுத்துப் பிடித்தாள்.

கடைசியில் கதவு திறந்தது. டாக்டர் வரவில்லை, தொப்பிக்காரம்மாவும் வரவில்லை. ஒரு சிப்பந்தி வந்து பஞ்சும் வலி மாத்திரையும் ஒரு தண்ணீர் பாட்டிலும் வைத்த பையை நீட்டினான். இன்ஷூரன்ஸ் விவகாரமாம். வெளியாளுக்குக் கைவைத்து ஏதாவது ஆகிவிட்டால் கம்பெனிதான் பதில் சொல்லவேண்டுமாம். இதை அந்த அதிகாரி தலையைக் குனிந்துகொண்டு ஒப்பித்தான்.

டீச்சர் குரலை உயர்த்தாமல் கேட்டாள்.

"எங்க பள்ளிக்கூடத்துக்குள்ள நீங்க வந்தப்போ, நாங்க யாராவது உங்ககிட்ட அட்டை கேட்டோமா?"

அவள் புருஷன் அதிர்ந்து பேசாத மனுஷன். அன்றைக்கு அந்த அதிகாரியின் முகத்துக்கு நேராகக் காறிக் கடலில் துப்பிவிட்டுக் கயிற்றை அவிழ்த்தார். படகு எதிர்க்கரையைப் பார்த்துத் திரும்பியது.

கரை ஆஸ்பத்திரியில் கண் டாக்டர் பார்த்தார். நேரத்தோடு வந்திருந்தால் ஏதாவது செய்திருக்கலாம் என்று எல்லா டாக்டரும் சொல்வதையே சொன்னார். ஆனால் இந்த முறை அது உண்மை. இடது கண்ணில் வெளிச்சம் தெரியும், உருவம் தெரியாது. மற்ற கண்ணையும் அடிக்கடி கொண்டுவந்து காட்டவேண்டும், விட்டால் அதுவும் கெடலாம் என்றார்.

ஆஸ்பத்திரியில் பிள்ளையோடு இருந்துவிட்டுப் பத்து நாள் கழித்துப் பள்ளிக்கு வந்த டீச்சருக்கு இன்னொன்று காத்திருந்தது. கல்வி அலுவலகத்திலிருந்து போனில் கேட்டதற்கு, பிள்ளை விளையாடும்போது அடிபட்டது என்று தலைமையாசிரியர் சொல்லியிருந்தார். அவள் நேராக அவர் அறைக்குப் போனாள்.

"விளையாடும்போதா சார்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கப்பல் நின்னுபோச்சுன்னா ஊர்ல பாதி வீட்ல அடுப்பு எரியாது டீச்சர். உங்க வீட்டையும் சேர்த்துத்தான் சொல்றேன்."

அவர் சொன்னது பொய்யில்லை என்பது அவள் கோபத்தில் எண்ணெயைத்தான் ஊற்றியது.

அடுத்த முறை கப்பல் வந்த காலையில், முதல் மணி அடித்ததும் அவள் பள்ளிக் கேட்டை உள்ளேயிருந்து பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். துறைக்குப் போய் விருந்தாளிகளை அழைத்துவந்த தலைமையாசிரியர் அவர்களோடு வெளியே நின்றார். திறக்கச் சொல்லி அதட்டினார், பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டுக்கொண்டார். அவள் வகுப்பில் பின்னக் கணக்கு நடத்தினாள். பிள்ளைகளின் பார்வை ஜன்னலுக்கும் அவளுக்குமாக அலைந்தது. கைடு கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஆட்களைக் கடற்கரைக்குக் கூட்டிப் போய்விட்டான். மறுநாள் அவளுக்கு மெமோ வந்தது. அந்த வாரமே அவள் புருஷனுக்குக் கப்பல் சவாரி நின்றது. உன்னால்தான் என்று அவர் சொல்லவில்லை. நான் துப்பினதுக்கு வேறென்ன பண்ணுவான் என்று சொல்லிவிட்டு, பரணிலிருந்து பழைய வலையை இறக்கினார்.

அடுத்த மாதம் தொப்பிக்காரம்மா வந்தார். கைடும் கூட்டமும் இல்லை, எதிர்க்கரையிலிருந்து தனியாகப் படகேறி வந்திருந்தார். தலையில் தொப்பியும் இல்லை. கையில் ஒரு பை இருந்தது. டீச்சர் கேட்டுக்கு உள்ளேயும் அவர் வெளியேயும் நின்றார்கள்.

அன்றைக்கு நடந்ததை அவர் சொன்னார். டாக்டரிடம் ஓடியிருக்கிறார். டாக்டர் கேப்டனைக் கேட்கச் சொன்னார். கேப்டன் அறை வாசலில் காக்க வைத்தார்கள். கெஞ்சியிருக்கிறார், சண்டை போட்டிருக்கிறார். ஜன்னல் வழியாகப் பார்த்தபோது படகு தூரத்தில் போய்க்கொண்டிருந்தது. அறைக்குப் போய் அழுதாராம்.

டீச்சர் எல்லாவற்றையும் கேட்டு முடித்தாள்.

"அன்னைக்குச் சாப்பிட்டீங்களா?"

அந்த அம்மாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் கறுத்துப்போயிற்று.

"சாப்பிட்டேன்," என்றார்.

பொய் சொல்லாததற்காக வேறு யாராவது மனம் இரங்கியிருப்பார்கள். டீச்சருக்கு இரக்கம் வரவில்லை. உங்க கப்பல் கதவைத் திறக்க வைக்க முடியுமா உங்களால் என்று கேட்டாள். அது என் கையில் இல்லையே என்றார் அவர்.

"உங்க கையில இருக்கிறது பென்சில் மட்டும்தான்னா, அதை நீங்களே வச்சுக்கோங்க."

பேச்சு அங்கேயே முடிந்திருக்கும். அதற்குள் யாரோ சொல்லி வாலுவின் அம்மா வந்துவிட்டாள். டீச்சர் அவளும் நாலு வார்த்தை கேட்பாள் என்று எதிர்பார்த்தாள். வந்தவளோ தொப்பிக்காரம்மாவிடமிருந்து பையை வாங்கிக்கொண்டாள். வீட்டுக்கு வாங்கம்மா, பிள்ளை தூங்குது, பார்த்துட்டுப் போங்க என்றாள்.

"நீ என்ன செய்யற?" என்றாள் டீச்சர்.

"கோபப்பட எனக்கும் தெரியும் டீச்சர். இன்னொரு கண்ணையும் மாசா மாசம் காட்டணும்னு சொல்லியிருக்காங்க. எனக்கு லீவு தரமாட்டாங்க. இவங்களை விட்டா யாரு கூட்டிப்போவாங்க, நீங்களா?"

ரெண்டு பேரும் தெருவில் இறங்கிப் போனார்கள். டீச்சர் கம்பியைப் பிடித்தபடி நின்றாள். அந்த அம்மாமேல் கோபம், வாலுவின் அம்மாமேல் கோபம், அவள் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியாததால் தன்மேல் அதைவிடக் கோபம். வகுப்பில் பிள்ளைகள் சத்தம் போட்டார்கள். போய் ஒரு அதட்டல் போட்டாள். அவள் குரலைக் கேட்டு பக்கத்து வகுப்பும் அடங்கிப்போனது.

பிள்ளையைத் தானே கூட்டிப்போவதாக வாலு வீட்டில் சொல்லிவிட்டுப் போன தொப்பிக்காரம்மா சொன்ன சொல் தவறவில்லை. மாதம் ஒருமுறை கரையில் வந்து காத்திருந்து பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். மற்ற கண் தப்பியது. வாலு இப்போது தலையை ஒருபக்கம் சாய்த்துத்தான் கரும்பலகையைப் பார்க்கிறாள். கீழ்க்கண்ணால் முறைக்கிறாள் என்று யாராவது கேலி பேசினால் டீச்சரிடம் தொலைந்தார்கள்.

கப்பல் நிற்கவில்லை. பள்ளி நேரத்தில் கேட் திறக்காது என்று தெரிந்ததும், துறையிலேயே சாயங்காலம் பை கொடுக்க ஆரம்பித்தார்கள். பிள்ளைகள் போய் வாங்கினார்கள். பெற்றவர்களில் சிலர் டீச்சரைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள், சிலர் வீட்டுக்கே வந்து நீங்க செஞ்சதுதான் சரி என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். மெதுவாகச் சொன்னவர்கள்மேல்தான் அவளுக்கு அதிக ஆத்திரம்.

அவர்களை உட்கார வைத்துத் துறைமுக அலுவலகத்துக்கு ஒரு மனு எழுதினாள். தீவில் நங்கூரம் போடுகிற எந்தக் கப்பலானாலும், உயிருக்கோ உறுப்புக்கோ ஆபத்தென்று வந்தால் அதன் டாக்டரிடம் காட்ட விடவேண்டும். அதற்கு ஒத்துக்கொள்கிற கப்பலுக்கு மட்டும் அனுமதி கொடுக்கவேண்டும். புருஷன் படகுக்காரர்களிடம் ஒவ்வொரு படகாகப் போய்க் கையெழுத்து வாங்கினார். கப்பல் சவாரி ஓட்டுகிறவர்களில் ரெண்டு பேர் போட்டார்கள்.

பதில் வரவில்லை. லீவு கிடைக்கிற நாளில் எல்லாம் அவள் படகேறிக் கரையில் இருக்கிற துறைமுக அலுவலகத்துக்குப் போகிறாள். கப்பல் டீச்சர் வந்தாச்சு என்று உள்ளே ஒருவர் சொல்வதும் இன்னொருவர் சிரிப்பதும் அவள் காதில் விழும். சார் மீட்டிங்கில் இருக்கிறார், அடுத்த வாரம் வாருங்கள் என்பார்கள். அவள் பெஞ்சில் உட்கார்ந்துகொள்வாள். ஒருமுறை மின்விசிறியை அணைத்துப் பார்த்தார்கள். அவள் எழுந்திருக்கவில்லை.