கடும்பு வேண்டாம் என்ற வீடு

"பால்மாவோ? எங்கடை வீட்டிலை ஆர் பால்மா குடிச்சது?"

"ரீச்சர்தானே என்னட்டைச் சொன்னவ. பால்மாவுக்கு மாறீட்டம், இனிப் பால் வேண்டாமெண்டு."

"எப்ப?"

"நான் கடும்பு கொண்டந்த அண்டைக்கு."

நிஷானி கரண்டியை ஐஸ்கிறீமில் குத்தி வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்குக் கிட்ட உள்ள கூல்பாரில், மின்விசிறிக்கு நேர்கீழே இருந்தோம். ரியூசன் முடிந்த பின்னேரங்களில் நாங்கள் வந்து இருக்கிற கடை அது. மேசைகளை மாற்றிவிட்டார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்து வரும் றோல்ஸ் மணம் மட்டும் அப்படியே இருந்தது. அவள் கனடாவுக்குப் போனபின் ஊருக்கு வருவது இதுதான் முதல் தடவை. வந்தது தாய் பியாட்றிஸ் ரீச்சரைக் கூட்டிக்கொண்டு போவதற்கு. வட்டுக்கோட்டையில் எங்கள் ஒழுங்கையின் கடைசியில் இருக்கும் அவர்களுடைய வீடு விலைப்பட்டுவிட்டது. ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் கொழும்புக்குப் பஸ் ஏறுகிறார்கள். அதன்பிறகு அந்த வீட்டில் வேறு யாரோ இருப்பார்கள்.

அவள் மூன்று நிற ஐஸ்கிறீமை ரசித்துச் சாப்பிடுவதைப் பார்த்து, "கனடாவிலையும் பால்மாதானோ?" என்று நான்தான் தொடங்கினேன். பகிடிபோலக் கேட்டேன். அது பகிடி இல்லை என்று எனக்குத் தெரியும்.

எங்கள் மாட்டின் பெயர் சிவப்பி. அம்மா கறந்த பாலில் ஒரு போத்தில் தினமும் பியாட்றிஸ் ரீச்சர் வீட்டுக்குப் போகும். அதைக் கொண்டுபோவது என் வேலை. துவாயில் சுற்றிச் சைக்கிள் கூடைக்குள் வைப்பேன். மார்கழி மாதத்துப் பனியில் கை விறைத்துப்போகும். இடையில் ஒரு தடவை நிறுத்திப் போத்திலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்பேன். அந்தச் சூடு இன்னும் உள்ளங்கையில் இருப்பதுபோல் சில காலைகளில் தோன்றும். நிஷானி வெள்ளைச் சட்டையும் இரட்டைப் பின்னலுமாகப் படலையில் நிற்பாள். போத்திலை வாங்கிக்கொண்டு உள்ளே ஓடுவாள். முதல்நாள் போத்திலைக் கழுவிக் கொண்டுவந்து கூடைக்குள் போடுவாள். பிறகு இருவரும் சைக்கிளில் பள்ளிக்கூடம் போவோம். தோட்டங்களில் தண்ணீர் விடும் இறைப்பு மெசினின் சத்தம் கேட்கும். அவள் ஏதோ ஒரு தேவாலயப் பாட்டை முனகிக்கொண்டு வருவாள். நாளடைவில் எனக்கும் அது பாடமாகி, ஒருநாள் எங்கள் சாமியறையில் முனகி அம்மாவிடம் ஏச்சு வாங்கினேன்.

என் அம்மா கனகாம்பிகைக்கு ரீச்சர் என்றால் தனிப் பிரியம். படலைக்கு அந்தப் பக்கம் ரீச்சரும் இந்தப் பக்கம் அம்மாவும் நின்று கதைக்கத் தொடங்கினால் வெயில் ஏறிவிடும். உள்ளே வரச் சொல்லி அவரும் கேட்கமாட்டார், போகவேண்டும் என்று இவரும் சொல்லமாட்டார். நத்தார்ப் பண்டிகைக்கு அவர்கள் வீட்டிலிருந்து கேக் வரும். தைப்பொங்கலுக்கு எங்கள் வீட்டிலிருந்து பொங்கல் போகும். ரீச்சருக்குப் போகிற பாத்திரத்தில் மட்டும் கஜுப் பருப்பு கூடுதலாக இருக்கும். அம்மா அகப்பையால் தேடித் தேடி எடுத்துப் போடுவார்.

உயர்தரம் படிக்கத் தொடங்கிய வருடம் நிஷானியின் முகம் முழுக்கப் பரு வந்தது. முதலில் நெற்றியில், பிறகு இரண்டு கன்னத்திலும், கடைசியில் கழுத்துவரை. சிவந்து, சில இடங்களில் சீழ் வைத்து நின்றது. நாங்கள் செய்யாத வைத்தியம் இல்லை. வேப்பங்கொழுந்து அரைத்தோம். பயற்றம்மா பூசினோம். பற்பசை வைத்தால் ஒரே இரவில் வற்றிவிடும் என்று வகுப்பில் ஒருத்தி சொல்ல, அவளுடைய முகம் முழுக்க நானே புள்ளி புள்ளியாக வைத்துவிட்டு, கோலம் நல்லாய் வந்திருக்கென்று சிரித்தேன். அவளும் சிரித்தாள். கொஞ்ச நாளில் அவள் சிரிப்பதை விட்டுவிட்டாள். ரியூசனில் கடைசி வாங்கில் போய் இருக்கத் தொடங்கினாள். வகுப்புப் படம் எடுத்த அன்று காய்ச்சல் என்று வரவில்லை.

எனக்கு ஒரு பருகூட வரவில்லை. இரண்டு பேரும் குடித்தது ஒரே மாட்டின் பால்.

ஒரு பள்ளி விடுமுறையில், கொஞ்ச நாளைக்குப் பால் வேண்டாம் என்று ரீச்சர் அம்மாவிடம் சொல்லியிருந்தார். கொழும்புக்கு எங்கேயோ போகப்போகிறார்கள் என்று அம்மா நினைத்தார். அவர்கள் எங்கேயும் போகவில்லை. அந்த நேரத்தில்தான் சிவப்பி கன்று போட்டது.

கன்று போட்டு முதல் சில நாட்கள் கறக்கிற மஞ்சளான தடித்த பாலை எங்கள் பக்கத்தில் கடும்பு என்பார்கள். பனங்கட்டியும் ஏலக்காயும் போட்டு அவித்தால் வட்டிலப்பம்போல இறுகி வரும். அதை விற்பதில்லை. பால் வாங்குகிற வீடுகளுக்கெல்லாம் சும்மா கொடுப்பது. யாரும் வேண்டாம் என்று சொல்வதும் இல்லை. பிடிக்காதவர்கள்கூட வாங்கி வைத்துக்கொண்டு, மாடும் கன்றும் சுகமோ என்று கேட்டுத்தான் பாத்திரத்தைத் திருப்பித் தருவார்கள். முதல் கோப்பையை அம்மா ரீச்சர் வீட்டுக்குத்தான் மூடித் தந்தார். இதோடு பழையபடி பால் போகத் தொடங்கும் என்ற நினைப்பு அவருக்கு.

ரீச்சர் படலையைத் திறக்கவில்லை. கோப்பையையும் வாங்கவில்லை. முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டு, நாங்கள் பால்மாவுக்கு மாறீட்டம் பிள்ளை, இனிப் பால் சாமான் ஒண்டும் கொண்டு வராதேங்கோ என்றார். நான் திரும்பி வந்தேன். அம்மா மூடியைத் திறந்து பார்த்தார். விளிம்புகூடக் கலையாமல் இருந்தது. அதை வேறு வீட்டுக்கும் கொடுக்கவில்லை, எங்களையும் தொடவிடவில்லை. பின்னேரம்வரை குசினி மேசையில் இருந்தது. பிறகு எங்கே போனது என்று நான் கேட்கவில்லை.

அன்றிரவு சோறு போடும்போது அம்மா ஒரேயொரு வசனம்தான் சொன்னார்.

"நான் தண்ணி கலக்கிறன் எண்டு ரீச்சர் நினைச்சிட்டா."

பசுப்பாலை நிறுத்திவிட்டு ஒரு வீடு பக்கற்றில் வரும் பால்மாவுக்குப் போனால் எங்கள் ஊரில் அதற்கு வேறு அர்த்தம் இல்லை. மற்ற வீடுகளும் அப்படித்தான் நினைக்கும் என்று அம்மா முடிவு செய்தார். எல்லா வீட்டுக்கும் பாலை நிறுத்தினார். சந்தியில் உள்ள பால் சேகரிக்கும் இடத்துக்கு வாளியோடு தானே போகத் தொடங்கினார். அங்கே பாலுக்குள் மானியை மிதக்கவிட்டுத் தண்ணீர் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். மற்றவர்கள் வாளியை வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். அம்மா மட்டும், அளக்கிற பெடியன் அளவைச் சத்தமாகச் சொல்லும்வரை நிற்பார். சிவப்பி போய், இப்போது அதன் பேத்தியைக் கறக்கிறோம். இன்றைக்கும் நிற்கிறார். நானும் ரோசத்தில் மற்ற ஒழுங்கையால் பள்ளிக்கூடம் போனேன். பரீட்சை முடிந்தது. நிஷானி கனடாவுக்குப் போய்விட்டாள் என்று மருதனார்மடம் சந்தையில் யாரோ சொல்லித்தான் தெரிந்தது.

இதையெல்லாம் நான் அவளுக்குச் சொல்லி முடித்தபோது ஐஸ்கிறீம் கரைந்து மூன்று நிறமும் ஒன்றாகியிருந்தது.

"தண்ணியோ? கடவுளே," என்றாள். "அது என்ரை முகத்துக்காகவடி."

பிறகு தட்டுத்தடுமாறிச் சொன்னாள். அந்த விடுமுறையில் ரீச்சர் அவளை நகரத்தில் ஒரு தோல் டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். பூசுவதற்கு மருந்து தந்துவிட்டு, பாலாலும் சிலருக்குப் பரு கூடுகிறது என்கிறார்கள், கொஞ்ச மாதம் நிறுத்திப் பாருங்கள், தயிரும் ஐஸ்கிறீமும் வேண்டாம் என்று அவர் சொல்லியிருக்கிறார். வீட்டில் எல்லாரும் அன்றே பால் விடாத பிளேன்ரீக்கு மாறினார்கள். பால்மா வாசலுக்கே வரவில்லை. ஆனால் காரணத்தை வெளியில் சொல்லக்கூடாது என்று ரீச்சர் அவளிடம் சத்தியம் வாங்கினார். பெட்டைக்கு முகத்தில் வருத்தம், டொக்டரிடம் காட்டுகிறார்கள் என்று கதை போனால் பிறகு கலியாணம் பேசுகிற நேரம் அதையே சொல்லுவார்கள்.

"உங்கடை அம்மாட்டைச் சொன்னால் பால் போற வீடெல்லாம் கதையும் போகும் எண்டு எங்கடை அம்மாவுக்குப் பயம்," என்றாள்.

அது பொய் என்று என்னால் சொல்ல முடியவில்லை. அம்மாவின் வாய் அப்படித்தான்.

"உங்கடை பாலாலைதான் பரு எண்டு என்னண்டு சொல்லுறது, கனகம் தாங்கமாட்டா எண்டும் சொன்னவ. பால்மா எண்டால் ஒருத்தருக்கும் நோகாது எண்டு நினைச்சிருப்பா."

நான் சிரித்துவிட்டேன். சிரிக்கிற விசயம் இல்லை. பக்கத்து மேசையில் றோல்ஸ் தின்றுகொண்டிருந்த இரண்டு பள்ளிக்கூடப் பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். அதில் ஒருத்தியின் நெற்றி நிறையப் பரு இருந்தது.

"நீ கடும்பு கொண்டந்த அண்டைக்கு நான் யன்னல் சீலைக்குப் பின்னாலை நிண்டனான்," என்றாள் நிஷானி. "மூஞ்சை முழுக்க மருந்து. அம்மா சொன்னது கேக்கேல்லை, ஏலக்காய் மணம் மட்டும் உள்ளை வந்தது. உன்னைக் கூப்பிடுவம் எண்டு வாயெடுத்தனான். நீ படலையிலை நிண்ட நிலையைப் பாத்திட்டுக் கட்டில்லை போய் விழுந்தனான். நீயும் அதே பால்தானே குடிச்சனி, உன்ரை முகம் கண்ணாடி மாதிரி. எனக்கு உன்னிலையும் கோவம்."

"சரி, விட்டாப் பிறகு மாறினதோ?"

மாறியதாம். ஆனால் உடனே இல்லை. பரீட்சை எல்லாம் முடிந்து, கனடாவுக்குப் போன வருடத்தில்தான் முகம் தெளிந்தது. அதற்குள் பரு வரும் வயதும் போய்விட்டது, மருந்தும் பூசினாள், தண்ணீரும் காற்றும் மாறிவிட்டன. எது மாற்றியது என்று அவளுக்கே தெரியாது. அங்கே அவள் தாதிப் படிப்புப் படிக்கிறாள். இதைப் பற்றித் தேடித் தேடி வாசித்தாளாம். பால் கூடுதலாகக் குடிக்கிறவர்களில் பரு கொஞ்சம் அதிகம் என்று சில ஆய்வுகள் சொல்கின்றன, கொழுப்பு நீக்கிய பாலில் இன்னும் அதிகம் என்கிறார்கள், ஆனால் பால்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல ஒருவராலும் முடியவில்லை. ஆளுக்கு ஆள் வித்தியாசம். இப்போது அவள் பாலும் குடிக்கிறாள், சீஸும் சாப்பிடுகிறாள். ஒன்றும் வரவில்லை.

"அப்ப ரீச்சர்?"

"அம்மா இப்பவும் பாலாலைதான் எண்டு நம்புறா. நான் சீஸ் சாப்பிடுறதே அவவுக்குத் தெரியாது. அங்கை வந்தாப் பிறகு என்ன நடக்கப்போகுதோ."

காசைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தோம். என் ஸ்கூட்டியில் பின்னால் ஏறிக்கொண்டாள். நகரத்து இரைச்சல் கழிந்து வயல்வெளி வந்தது. நெல் வெட்டிய பிறகு வரும் வைக்கோல் மணம் காற்றில் இருந்தது. தூரத்தில் ஒரு இறைப்பு மெசின் ஓடியது. பின்னால் இருந்து அவள் அந்தப் பழைய தேவாலயப் பாட்டை முனகினாள். இரண்டாவது அடி அவளுக்கு மறந்துவிட்டது. எனக்கு மறக்கவில்லை. எடுத்துக் கொடுக்காமல் ஓட்டிக்கொண்டு வந்தேன். அம்மா பால் அளக்கிற பெடியனின் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பது என் கண்ணை விட்டுப் போகவில்லை.

எங்கள் ஒழுங்கை தொடங்கும் இடத்தில் ஸ்கூட்டியை நிறுத்தினேன். எங்கள் வீடு முதலாவது. வேலிக்கு மேலால் அம்மாவின் தலை தெரிந்தது. பின்னேரப் பாலைக் கறந்து முடித்து, சேகரிக்கும் இடத்துக்குப் போவதற்கு வாளிக்குத் துணி கட்டிக்கொண்டிருந்தார். நாங்கள் நிற்பதை இன்னும் காணவில்லை.

நிஷானியும் பார்த்தாள். அன்ரிக்கு நரைத்துப்போச்சு என்றாள் மெதுவாக. பிறகு ஸ்கூட்டியை விட்டு இறங்கி, கைப்பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாள். தாய் வாங்கிய சத்தியம் இன்னும் இருக்கிறது என்றாள். போய்ச் சொன்னால் ரீச்சர் பொய் சொன்னவர் ஆகிவிடுவார், அதுவும் பெட்டி கட்டிக்கொண்டு நிற்கிற நேரத்தில். கடைசியில் பால்தானோ என்று கேட்டால் அதற்கும் தன்னிடம் பதில் இல்லை என்றாள்.

அம்மா வாளியைத் தூக்கிக்கொண்டு படலையை நோக்கி வந்தார். நான் ஸ்கூட்டியை அணைத்தேன்.

"ரீச்சரை விடு. பாலாலையோ இல்லையோ எண்டதையும் விடு," என்றேன். "தண்ணி கலந்ததெண்டு உங்கடை வீட்டிலை ஒருத்தரும் ஒருநாளும் நினைக்கேல்லை. அதை மட்டும் வந்து அம்மாட்டை நீயே ஒருக்காச் சொல்லுறியே?"