ஏழாவது எலி

ஒரு கையால் தன் நாக்கைப் பிடித்துக்கொண்டு மறுகையால் பொத்தானை அழுத்தினாள். எலி இருந்த பெட்டிக்குள் விளக்கு எரிந்தது. திரையில் கோடு அசையவில்லை. இரண்டு நொடியில் சர்க்கரை உருண்டை விழுந்த பிறகுதான், எதிர்பாராத விருந்தாளியைக் கண்டதுபோல் கோடு திடுக்கிட்டு எழுந்தது. நாக்கை விட்டாள். விளக்கைப் போடாமல் நாக்கால் வெறுமனே ஒரு சொடுக்குச் சொடுக்கினாள். கோடு உடனே ஏறியது.

எலியின் மூளைக்குள் முடியைவிட மெல்லிய கரி இழை இருக்கிறது. இன்பத்தை எதிர்பார்க்கும்போது மூளையில் ஊறும் டோபமினை அது நொடிக்குப் பத்து முறை அளந்து திரையில் கோடாகக் காட்டுகிறது. விளக்கைக் கண்டதுமே எலி இனிப்பை எதிர்பார்க்கிறது என்றுதான் நான்கு மாதமாக ஏழு எலிகளை வைத்து ஆய்வேடு எழுதியிருந்தாள். நேற்று அவளுக்குக் காய்ச்சல். அவளுக்குப் பதில் கருவியில் உட்கார்ந்த உதவியாளர் விளக்கைப் போட்டபோது கோடு அசைந்தே கொடுக்கவில்லை. காரணத்தை அவர்தான் காலையில் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"லைட்டுக்கு முன்னாடி நாக்கைச் சொடுக்குவீங்க மேடம், எலியைக் கொஞ்சுற மாதிரி. அதுவும் முறையில ஒண்ணுன்னு நெனச்சேன். எனக்கு அது வராது."

கொஞ்சினாளா? அவளுக்கே தெரியாது. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் இருந்தது. மற்ற ஆறு எலிகளின் மூளையும் கண்ணாடித் தகட்டில் சீவல்களாகிவிட்டன. இனி அவற்றைக் கேட்க வழியில்லை. இழை சரியான இடத்தில் இருந்ததா என்று மூளையைச் சீவிப் பார்த்தால்தான் அளந்தது செல்லுபடியாகும். சீவிவிட்டால் மறுபடி அளக்க எலி இருக்காது. பேராசிரியருக்குப் போன் செய்து எல்லாவற்றையும் கொட்டினாள்.

"எலியை வெச்சுக்கிற அனுமதி இன்னையோட முடியுதும்மா. நாலு மணிக்கு அதை முடிச்சிடு. மத்ததை அப்புறம் யோசிப்போம்."

எதை யோசிப்பது? விளக்கு பொய்யென்றால் ஆய்வேடு போயிற்று. சொடுக்குதான் உண்மையென்றால், நான்கு மாதமாக அந்த ஆறும் யாரை எதிர்பார்த்துக்கொண்டிருந்தன? தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அழுகை வரும்போல் இருந்தது. அதுவும் எதற்கென்று தெரியவில்லை.

நான்கு அடித்தது. ஊசியில் கொல்லும் மருந்தை ஏற்றினாள். விளக்கைப் போடவில்லை, சொடுக்கிவிடாமல் உதட்டை இறுக்கிக்கொண்டாள். எலியின் தலையில் மாட்டிய வயரைக் கழற்றுவதற்காகப் பெட்டிக்குள் கையை விட்டாள். எலி பின்னங்காலில் எழுந்து அவள் விரலை மோந்தது.

"மேடம், ஸ்கிரீனைப் பாருங்க" என்றார் உதவியாளர்.

கோடு ஏறிக்கொண்டிருந்தது, இதுவரை எட்டாத உயரத்துக்கு. ஊசி அவளுடைய மற்றக் கையில் இருந்தது.