துக்கம் விசாரிக்க ஒரு நல்ல நாள்

வித்யாலட்சுமிக்குப் பேசத் தெரியாது என்று சொன்னால் எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒருவரும் நம்ப மாட்டார்கள். அவள் சாப்பிடுகிற சோறே பேச்சில் வருவதுதான். பெரிய கம்பெனி ஒன்றில் பயிற்சியாளர். எரிந்து விழும் மேனேஜரிடம் எப்படிப் பேசுவது, முடியாது என்பதை எப்படிச் சொல்வது, பக்கத்து சீட்டுக்காரர் திடீரென்று அழுதால் என்ன செய்வது, எல்லாவற்றுக்கும் அவளிடம் வகுப்பு உண்டு. வாழ்க்கைத் திறன்கள் என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். அடேயப்பா, பெயரில் ஒன்றும் குறைச்சல் இல்லை.

எதிர் வீட்டு சிந்துவின் அம்மா இறந்தபோது இந்தத் திறன்களெல்லாம் எங்கே போய்ப் படுத்துக்கொண்டன என்பதுதான் கேள்வி.

சிந்து அதே கம்பெனியில் வேறு பிரிவில் டீம் லீடர். திருப்பத்தூர்ப் பெண். பெங்களூருக்கு வந்த புதிதில் பிஜி ஹாஸ்டலின் தண்ணிச் சாம்பாரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவளை, எங்கள் மாடியிலேயே ஒரு வீடு காலியாக இருக்கிறது என்று கூட்டிவந்து குடிவைத்ததே வித்யாதான். பிறகு அம்மா சொர்ணமும் வந்து சேர்ந்தார். மகள் வீட்டு டிவியில் சீரியலை வரவழைக்க அந்த அம்மாவுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. சாயங்காலமானால் வித்யா வீட்டு சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்துகொண்டு வில்லியை வாயார வைவார். வித்யா ஆபீஸிலிருந்து வந்ததும், யார் வீட்டு அடுப்பு என்றெல்லாம் பார்க்காமல் அவரே எழுந்துபோய் அவளுக்குக் காபி போட்டுக் கொடுப்பார். அத்தை, அத்தை என்று இவளும் ஒட்டிக்கொண்டாள்.

மார்கழியில் அத்தைக்குக் கணையத்தில் புற்று என்றார்கள். முற்றிவிட்டது, வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். கேட்ட அன்றைக்கே வித்யா போயிருக்க வேண்டும். போகவில்லை. போய் என்னத்தைச் சொல்வது? சரியாகிவிடும் என்றால் பொய். அந்த முகத்தைப் பார்த்து அழுதுவிட்டால் அது வேறு. நாளைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தாள். லிஃப்டை விட்டு இறங்கும்போதே போனைக் காதில் வைத்துக்கொள்வாள். மறுமுனையில் ஆளே இல்லாத போனில் மும்முரமாகப் பேசியபடி தன் வீட்டுக்குள் நுழைந்துவிடுவாள். ஊருக்குப் பாடம் எடுக்கிறவளின் லட்சணம் இது.

தையில் ஒரு புதன்கிழமை அத்தை போய்ச் சேர்ந்தார். ஊருக்குக் கொண்டுபோய் எல்லாம் முடித்துவிட்டு, பதினாறாம் நாள் காரியத்துக்கு மறுபடி போய்க்கொள்ளலாம் என்று சிந்து அடுத்த வாரமே திரும்பினாள்.

அப்போதுதான் வித்யாவுக்குத் திடீரென்று சாஸ்திரம் முளைத்தது. அமாவாசையன்று பிரியாணி வரவழைத்துச் சாப்பிடுகிறவள், செவ்வாய்க்கிழமை துக்கம் விசாரிக்கப் போகக் கூடாது என்றாள். வெள்ளிக்கிழமை கூடவே கூடாது. ஞாயிற்றுக்கிழமை சொந்தக்காரர்கள் வந்திருப்பார்கள், நாம் எதற்கு நடுவில். அவள் கணவர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுத் தனியாகவே போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தார். காரியம் முடிந்த பிறகோ, இனிமேல் போய்த் துக்கம் கேட்பது முறையில்லை, ஆறின புண்ணைக் கிளறிவிட்ட மாதிரி ஆகிவிடும் என்று அந்தப் பேச்சையே முடித்துவிட்டாள். சும்மா சொல்லக் கூடாது, சாக்குச் சொல்வதிலும் அவளுக்குத் திறன் இருந்தது.

போன வாரம் டீம் லீடர்களுக்கு வகுப்பு. நெருங்கியவரைப் பறிகொடுத்தவரிடம் எப்படிப் பேசுவது என்பது அன்றைய பாடம். சிந்து உள்ளே வந்து நடு வரிசையில் உட்கார்ந்தாள். வேறு பாடத்துக்கு மாற்றிவிடலாமா என்று வித்யா யோசித்தாள். தலைப்பு ஏற்கெனவே திரையில் பெரிய எழுத்தில் நின்றுகொண்டிருந்தது.

எந்த வகுப்பிலும் ஒரு முந்திரிக்கொட்டை இருப்பான். இங்கே ஹரிஷ்குமார். சிந்து வீட்டு விஷயம் அவனுக்குத் தெரியாது. சொன்னால் மட்டும் போதாது, செய்து காட்டினால்தான் மனதில் நிற்கும் என்றான். யாராவது ஒருத்தர் துக்கத்தில் இருப்பவராக நடிக்கட்டும் என்று அவனே சுற்றிப் பார்த்தான்.

சிந்து கையைத் தூக்கினாள்.

"நான் வரேன் மேடம். தமிழ்லயே பண்ணலாமா?"

ஆபீஸிலும் அக்கா என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தவள் அவள்.

அறையில் எல்லோருக்கும் தமிழ் புரியும், வேண்டாம் என்று சொல்லவும் வழியில்லை. இரண்டு நாற்காலி போட்டார்கள். வித்யா உட்கார்ந்தாள். அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டிருந்தால்கூடத் தேவலை. ஆனால் பழகிய வாய், தானாகவே பேசத் தொடங்கியது. இத்தனை நாள் எதிர் வீட்டு வாசலில் வராத வார்த்தைகள் மைக்குக்கு முன்னால் வரிசையாக வந்தன.

"அம்மா போனது எனக்கு ரொம்ப வருத்தமா இருக்கும்மா. என்ன சொல்றதுன்னே தெரியல. ஆனா நான் இருக்கேன். எப்ப வேணும்னாலும் கூப்பிடு."

குரல் எந்த இடத்தில் தழுதழுக்க வேண்டுமோ அங்கே சரியாகத் தழுதழுத்தது. சிந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இத்தன நாளா ஏன்க்கா வரல?"

அது பாடத்தில் இல்லாத கேள்வி. பின்னால் யாரோ, சூப்பர் என்று முணுமுணுத்தார்கள். உண்மையைச் சொல்ல அந்த ஒரு நொடி போதும். வித்யாவோ சிரித்த மாதிரியும் இல்லாமல் அழுத மாதிரியும் இல்லாமல் முகத்தை வைத்துக்கொண்டு பதில் சொன்னாள்.

"நீ தனியா இருக்க கொஞ்சம் நேரம் வேணும்னு நெனச்சேன்மா."

கைதட்டினார்கள். ரெண்டு பேருமே வாழ்ந்துவிட்டீர்கள் என்று ஹரிஷ்குமார் எழுந்து நின்று தட்டினான். சிந்துவும் தட்டினாள். அதைப் பார்த்தபோது வித்யாவுக்கு, பூமி பிளந்து தன்னை விழுங்கிவிடாதா என்றிருந்தது.

டீ குடிக்க எல்லோரும் வெளியே போனார்கள். சிந்து பையை மாட்டிக்கொண்டிருந்தாள். வித்யா அவள் பக்கத்தில் போய் நின்றாள். சொல்ல வேண்டிய நல்ல வார்த்தைகளையெல்லாம் சற்று முன் கைதட்டலுக்குச் செலவழித்தாயிற்று. இனிமேல் அவற்றில் எதைச் சொன்னாலும் நடிப்பாகத்தான் கேட்கும். வெட்கத்தில் காதுமடல் வரைக்கும் எரிந்தது.

"பொய் சொன்னேன் சிந்து. உனக்கு நேரம் வேணும்னு எல்லாம் நான் நெனைக்கல. பயந்துக்கிட்டு ஒளிஞ்சேன். அத்தைக்கு முடியாமப் போனதுலேர்ந்தே ஒளிஞ்சேன்."

சிந்து கோபப்படவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் வித்யாவுக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும்.

"எனக்குத் தெரியும் மேடம். என்னை விடுங்க. அம்மாவுக்குத்தான் புரியல. கட்டில ஹாலுக்கு மாத்தச் சொன்னாங்க. வாசக்கதவ சாத்தவே விடல. வித்யா போறப்ப வர்றப்ப என்னைப் பாத்தா உள்ள வந்துடுவான்னு கடைசி வரைக்கும் சொல்லிட்டிருந்தாங்க."

சொல்லிவிட்டு அவள் டீ குடிக்கப் போய்விட்டாள்.

அத்தை படுத்திருந்த அந்த மாதம் முழுக்க எதிர் வீட்டுக் கதவு திறந்துதான் இருந்தது. காற்றுக்காகத் திறந்து வைத்திருக்கிறார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, ஒவ்வொரு நாளும் அந்தப் பக்கம் தலையைத் திருப்பாமலே வித்யாலட்சுமி கடந்து போயிருந்தாள்.