கூரையில் பதிந்த விரல்

என் வாய் நீளம் என்பது எங்கள் மருந்துக் கடைக்கு வருகிற எல்லாருக்கும் தெரியும். டாக்டர் சீட்டு இல்லாமல் தூக்க மாத்திரை கேட்டு வருகிற பெரிய மனிதர்களை நான் வழியனுப்புகிற அழகைப் பார்த்து முதலாளியே பின்பக்கம் போய் நின்றுகொள்வார். அப்படிப்பட்ட நான், நான் அக்கா என்று கூப்பிடுகிற என் ஓரகத்தி போனில் கேட்ட ஒரே ஒரு கேள்விக்கு, கூசாமல் பொய் சொன்னேன். போன மாதம்தான். அன்றிலிருந்து கண்ணாடி முன்னால் நின்று தலை வாருவதுகூட எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

விஷயம் ஒரு பொம்மைக் கார். பொம்மை என்றால் என் கணவருக்குக் கோபம் வரும், மாடல் என்று சொல்ல வேண்டும். அந்தக் காலத்துக் கார்களை உள்ளங்கையில் அடங்குகிற அளவுக்குச் சுருக்கி, துண்டு துண்டாகப் பெட்டியில் போட்டு விற்கிறார்கள். ஸ்டியரிங்கிலிருந்து சைலன்சர் வரை நாமே வெட்டி, பிசிறு தேய்த்து, ஒட்டி, பெயின்ட் அடித்துக்கொள்ள வேண்டும். இவருக்கும் இவருடைய அண்ணனுக்கும் சின்ன வயதிலிருந்தே இந்தப் பைத்தியம். அதிலும் ஹாட் ராட் என்றால் சோறு தண்ணி வேண்டாம். பழைய காரின் பானெட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, பெரிய இன்ஜினை வெளியே தெரியும்படி வைத்து, கூரையை வெட்டித் தாழ்த்தி வைத்திருக்கும். தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்ட ரவுடி மாதிரி ஒரு வண்டி.

என் கணவர் பல் செட் செய்கிற லேபில் வேலை பார்க்கிறார். மயிரிழை பிசகினாலும் அவருக்குச் சாப்பாடு இறங்காது. அவர் அண்ணன், நாங்கள் பெரியவர் என்று சொல்வோம், பஸ் டிரைவர். அவசரக் குடுக்கை. பெயின்ட் காய்ந்துவிட்டதா என்று தொட்டுத் தொட்டுப் பார்ப்பார், தொட்ட இடத்தில் கட்டைவிரல் பதிந்துவிடும். அதனால் இவர் அண்ணனுக்கு வைத்த பெயர் கைநாட்டு. பெரியவருக்கு ரோஷமெல்லாம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை காரைக் கையில் தூக்கிக்கொண்டு வந்து, "டேய், கைநாட்டு போட்டுட்டேன், அழிச்சுக் குடுடா" என்று சிரிப்பார். இவர் வாட்டர் பேப்பர் என்கிற உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து, அந்த விரலைத் தேய்த்து எடுத்து, மறுபடி பெயின்ட் அடித்து, முகம் தெரிகிற அளவுக்குப் பாலிஷ் போட்டுக் கொடுப்பார். அக்கா வீட்டு அலமாரியில் நிற்கிற அத்தனை காரும் அப்படித்தான் பளபளக்கின்றன.

மழைக்காலத்தில் ஒரு நாள், டிப்போவில் சீருடை மாற்றிக்கொண்டிருந்தபோது பெரியவர் சரிந்து விழுந்தார். மாரடைப்பு, அதோடு முடிந்துவிட்டது. அப்போது ஒரு சிவப்பு ஹாட் ராட் பாதியில் நின்றது. பெயின்ட் அடித்தாகிவிட்டது, சக்கரமும் கண்ணாடியும் மாட்டவில்லை.

பல மாதம் கழித்து அக்கா அதை ஒரு செருப்புப் பெட்டியில் வைத்து எங்களிடம் கொண்டு வந்து கொடுத்தாள். "சக்கரம் இல்லாம கிடக்கறதைப் பாக்கச் சகிக்கல தம்பி. மீதியை நீங்க முடிச்சுக் குடுங்க" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

நான்காவது நாள் போன் வந்தது. நான்தான் எடுத்தேன்.

"வேலை முடிஞ்சுதா?" என்று கேட்டாள். "கார் மேல அவர் விரல் பதிஞ்சிருக்கு, பாத்தியா? தினம் காலையில வேலைக்குக் கிளம்பறப்ப அதுல என் விரலை ஒரு தடவை வெச்சுட்டுத்தான் போவேன். இந்த நாலு நாளா எதையோ மறந்துட்டு வந்த மாதிரியே இருக்கு. அது அப்படியே இருக்கில்ல?"

நான் சாப்பாட்டு மேஜையைப் பார்த்தேன். என் கணவர் பழைய பனியன் துணியால் காரைத் துடைத்துக்கொண்டிருந்தார். காரின் கூரையில் டியூப் லைட் கண்ணாடியில் தெரிகிற மாதிரி அப்படியே தெரிந்தது. பக்கத்துக் கிண்ணத்தில் சிவப்புத் தண்ணீர்.

"இருக்குக்கா, பத்திரமா இருக்கு" என்றேன்.

போனை வைத்துவிட்டு அவரிடம் சொன்னேன். அவர் துடைப்பதை நிறுத்தினார். "நான் எப்பவும் செய்யறதுதானே செஞ்சேன்" என்றார். பாவம், உண்மையும் அதுதான். அந்தக் கைக்கு ஒரு குறையைக் கண்டால் சும்மா இருக்கத் தெரியாது. ஆனால் அவர் முகம் சுண்டிப்போனதைப் பார்த்ததும் எனக்கு இரக்கம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. நான் சொன்ன பொய்க்கும் சேர்த்து அவர்மேல் பாய்ந்தேன்.

"இப்ப முழிச்சு என்ன பண்றது? ரெண்டு பேரும் ஒரே வயித்துல பொறந்தவங்கதானே? உங்க விரலை வெச்சுத் தொலைங்க!"

கோபத்தில் சொன்னதுதான். ஆனால் அவர் என்னை நிமிர்ந்து பார்த்த பார்வையில் ஒரு நிம்மதி இருந்தது. நான் அப்போதே வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது.

அதற்கப்புறம் எங்கள் வீட்டில் நடந்ததை வெளியில் சொன்னால் சிரிப்பார்கள். பிளாஸ்டிக் ஸ்பூன்களை வாங்கி வந்து, முதுகில் அதே சிவப்பை அடித்து, வரிசையாக ஜன்னலில் நட்டு வைத்தார். பெயின்ட் எந்தப் பதத்தில் இருக்கும்போது தொட்டால் ரேகை சரியாக விழும் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். ஒன்றும் பிடிக்கவில்லை.

"ரொம்ப ஒழுங்கா விழுது. அவன் தொட்டா ஓரத்துல லேசா இழுத்திருக்கும். அவசரமாத் தொடணும். எனக்கு வர மாட்டேங்குது" என்றார்.

கடைசியில் காரின் கூரைக்கு மறுபடி பெயின்ட் அடித்து, அதைத் தொடுகிற நேரத்தில் நான் அடுப்படியிலிருந்து, "ஐயோ, பால் பொங்குது!" என்று கத்தினேன். அவர் திடுக்கிட்டுத் திரும்பினார், விரல் இழுத்துக்கொண்டது. அடுப்பில் பாலே இல்லை. இரண்டு பேரும் குனிந்து கூரையைப் பார்த்தோம். அசல் பெரியவர். நாங்கள் சிரித்தோம். ஆமாம், சிரித்தோம். செத்துப்போன மனிதரின் விரலைத் திருடி வைத்துவிட்டு, நன்றாக வந்திருக்கிறது என்று சிரித்தோம்.

ஞாயிற்றுக்கிழமை கொண்டு போனோம். அக்கா கதவைத் திறந்ததும் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை, பெட்டியைத்தான் பார்த்தாள். சோபாவில் உட்கார்ந்து காரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். குரோம் சக்கரங்களை ஒரு தடவை சுற்றிவிட்டாள். பிறகு கட்டைவிரலைக் கூரையில் வைத்தாள். அவள் தோள் மெல்லத் தளர்ந்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். காறித் துப்பியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"தம்பி, உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கணும்" என்றாள்.

இவர் வாசல் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். "என்ன அண்ணி?"

"அவர் காரையெல்லாம் நீங்க தேய்ச்சுத் தேய்ச்சுக் குடுப்பீங்க. அவர் சிரிப்பார், எனக்கு உள்ளுக்குள்ள எரியும். என் புருஷன் கை பட்டதை அழிக்க இவர் யாருன்னு நெனைப்பேன். இதையும் தேய்ச்சிருப்பீங்கன்னு எனக்கு ஒரே பயம். சொல்லாமக் குடுத்துட்டோமேன்னு தூக்கமே இல்ல. அப்புறம்தான் போன் பண்ணேன். ஆனா நீங்க சொல்லாமலே விட்டு வெச்சிருக்கீங்க. உங்களைப் போய்த் தப்பா நெனைச்சுட்டேன். மன்னிச்சிடுங்க."

"பரவாயில்ல அண்ணி" என்றார் என் கணவர்.

அந்தப் பரவாயில்லையை என்னால் விழுங்க முடியவில்லை. அவள் கேட்ட மன்னிப்பை இவர் வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டாரே! எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

"அக்கா, அது அவர் விரல் இல்ல" என்றேன். "இவர் விரல். யோசனை என்னோடது."

அக்கா என்னைப் பார்த்தாள். கட்டைவிரல் இன்னும் கூரையில்தான் இருந்தது. "நீதானே போன்ல சொன்னே?"

"அப்பவே தேய்ச்சாச்சுக்கா."

"அவரோடது எங்க?"

கிண்ணத்துத் தண்ணீரை வாஷ்பேசினில் கொட்டியது நான். அதைச் சொன்னேன். இவர் தலை குனிந்து தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா விரலை எடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தாள். பிறகு வாயால் ஊதி, ஸ்வெட்டர் கையை உள்ளங்கைவரை இழுத்துக்கொண்டு, அந்த இடத்தைத் துடைத்தாள். மறுபடியும் ஊதினாள், அழுத்தித் துடைத்தாள். மூக்குக்கண்ணாடியில் பட்ட கறையைத் துடைக்கிற மாதிரி, கோபமே இல்லாமல் துடைத்தாள். ரேகை அசையவில்லை. பெயின்ட் நன்றாகக் காய்ந்து இறுகிப்போயிருந்தது.

இவரால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. இரண்டு எட்டு முன்னால் வந்து கையை நீட்டினார்.

"துடைச்சா அது போகாது அண்ணி. குடுங்க, வீட்டுக்குக் கொண்டு போய்த் தேய்ச்சு எடுத்துக் குடுத்துடறேன்."

அக்கா காரை அடிவயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டு நகர்ந்து உட்கார்ந்தாள். அவர் நீட்டிய கை அப்படியே நின்றது. நான் அதைப் பிடித்துக் கீழே இறக்கினேன். அக்கா துடைத்துக்கொண்டே இருந்தாள்.