சங்கமும் சதியும்

ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில் சதீஸ்குமாரின் வாயை அறியாதவர் கிடையாது. தொழிற்சங்கத் தலைவர் என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று லயத்து வரிசை வீடுகளில் இருந்த தொழிலாளர்கள் பெருமைப்பட்டுக்கொண்டார்கள். அவர்களுக்கென்ன, கூட்டம் முடிந்ததும் வீட்டுக்குப் போய்விடுவார்கள். அந்த வாயோடு ஒரே கூரையின் கீழ் குடித்தனம் பண்ணியவள் நிஷாந்தி. அவள் “அரிசி” என்று தொடங்கினால் போதும், அரிசி விலையைப் பற்றி அரசாங்கத்தைக் கிழிகிழியென்று கிழித்துவிட்டுத்தான் ஓய்வான். வீட்டில் அரிசி இல்லை என்ற விசயம் சாப்பாட்டு நேரத்தில்தான் தெரியவரும்.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்தவள், போன மாதம் பையைத் தூக்கிக்கொண்டு மலைக்குக் கீழே மஹய்யாவவில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள். அழைத்துவரப் போனவனிடம் வாசலிலேயே நிபந்தனை போட்டாள்.

“நான் பேசி முடிக்கிற வரைக்கும், ஒரே ஒரு தடவை, வாய மூடிக்கிட்டுக் கேளுங்க. அன்னைக்கே வந்துர்றேன்.”

இதெல்லாம் ஒரு விசயமா என்று அவன் விளக்க ஆரம்பித்தான். அவள் கதவைச் சாத்திவிட்டாள்.

சதீஸ்குமார் பயந்துபோனான். தோட்டத்தை நிர்வகிக்கும் துரைக்கே பயப்படாதவன், வெறும் வீட்டுக்குப் பயந்தான். வாயை அடக்கப் பழகுவோம் என்று போனில் ஒரு தியான வீடியோவைப் போட்டுக்கொண்டு கண்ணை மூடினான். மூச்சைக் கவனியுங்கள் என்றது வீடியோ. பக்கத்து வீட்டு டிவியில் யாரோ சம்பளத்தைப் பற்றித் தப்பாகப் பேசினார்கள். சுவர் வழியாகவே பதில் சொல்லிக்கொண்டிருந்தான்.

கடைசியில் தோட்டத்துக்கு மேலே இருக்கும் தியான நிலையத்துக்கு ஏறிப்போனான். அங்கிருந்த பெரிய ஹாமுதுரு, புத்தகம் பார்த்துத் தமிழ் படித்த பிக்கு. கதையைப் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்.

“அன்பரே, தனியாக அமர்ந்தால் சதி நிலைக்காது. சதி வளரச் சங்கம் வேண்டும்.”

பாளி மொழியில் சதி என்றால் விழிப்போடு இருப்பது, சங்கம் என்றால் சேர்ந்து பயிலும் கூட்டம். இது நம்முடைய தலைவருக்கு எங்கே தெரியப்போகிறது? சங்கம் இருக்கிற இடத்தில் சதியும் இருக்கும் என்பது அவனுடைய நீண்டகால அனுபவம். அதை வெளிப்படையாக ஒத்துக்கொண்ட முதல் மனிதரை அன்றுதான் பார்த்தான். உடனே சேர்ந்துவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மண்டபத்தில் வரிசையாக உட்கார்ந்தார்கள். இவனுக்குப் பக்கத்தில் ஓய்வுபெற்ற தபாலதிபர் குசுமா. தியானம் முடிந்து வெளியே வந்ததும் அந்த அம்மா முழங்காலைத் தடவிக்கொண்டு, ஒரு மணித்தியாலம் கொஞ்சம் அதிகம்தான் என்று சிங்களத்தில் முணுமுணுத்தார். போதாதா? சதீஸ்குமாருக்குள் இருந்த தலைவர் விழித்துக்கொண்டார். ஒவ்வொருவராகக் குறை கேட்டு, தானே பிரதிநிதியாகி, ஹாமுதுருவின் முன்னால் போய் நின்றான். அரை மணித்தியாலம் போதும், மெத்தை வேண்டும், முடிந்ததும் இஞ்சி போட்ட ப்ளேன்டீ வேண்டும்.

யோசிப்போம் என்று ஹாமுதுரு சிரித்தார். துரைமார் யோசிப்போம் என்றால் என்ன அர்த்தம் என்று சதீஸ்குமாருக்குத் தெரியாதா? அடுத்த ஞாயிறு வேலைநிறுத்தம் என்று அங்கேயே அறிவித்தான். யாரும் எழும்பக் கூடாது, அசையக் கூடாது, வாய் திறக்கக் கூடாது. வாய் திறப்பவர் கருங்காலி.

“மிக நன்று” என்றார் ஹாமுதுரு. மனதார மகிழ்ந்து, தானும் கலந்துகொள்வதாகச் சொன்னார்.

ஹந்தானைச் சேதி மஹய்யாவவுக்கு இறங்க பஸ் தேவையில்லை. புருசன் கடைசியில் ஒரு ஹாமுதுருவோடும் மல்லுக்கு நிற்கிறான் என்று கேள்விப்பட்ட நிஷாந்தி, மானம் போகிறதே என்று ஞாயிறு காலை ஆட்டோ பிடித்து வந்தாள். மண்டபத்தில் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்கள். அவள் பூனை போல நடந்து அவன் பக்கத்தில் குந்தி, எழும்பி வரச்சொல்லிக் காதைக் கடித்தாள். அவன் எழும்பவில்லை. வாயும் திறக்கவில்லை. திறந்தால் அவனே கருங்காலி.

நிஷாந்திக்கு விசயம் பிடிபடக் கொஞ்ச நேரம் எடுத்தது. பிடிபட்டதும் சேலையைச் சரிசெய்துகொண்டு வசதியாக உட்கார்ந்தாள். இப்படி ஒரு சந்தர்ப்பம் இனி எந்தக் காலத்தில் கிடைக்கும்?

“எங்கப்பா செத்த அன்னைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன் போட்டேன்” என்று மெதுவாகத் தொடங்கினாள். “‘அப்பாவுக்கு’ன்னு சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். ‘கவலப்படாத, பேசித் தீர்த்துக்கலாம்’னு வச்சிட்டீங்க. யார்கிட்டங்க பேசித் தீர்ப்பீங்க?”

அவனிடம் பதில் இருந்தது. அன்றைக்கு ஃபெக்டரி வாசலில் எவ்வளவு கூட்டம், எவ்வளவு கூச்சல் என்ற பதில் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. எழுந்து ஓடிவிடலாம் போலவும் இருந்தது. தனியாக இருந்திருந்தால் இரண்டில் ஒன்றைச் செய்திருப்பான். ஆனால் முன்னாலும் பின்னாலும் ஆட்கள், எல்லோரும் அவன் பேச்சைக் கேட்டு அசையாமல் உட்கார்ந்திருக்கிறவர்கள். முழங்கால் வலியோடு உட்கார்ந்திருந்த குசுமா, கண்ணைத் திறக்காமலே கையை நீட்டி அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அந்த அம்மாவுக்குத் தமிழ் தெரியாது. அழுகிற குரல் எந்தப் பாஷையிலும் புரியும்.

அந்தச் செத்த வீட்டுக்குத் தான் தலைவராக மட்டுமே போனதும், மருமகனாகப் போகாததும் அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கவும் முடியவில்லை. அசையக் கூடாதே.

மணி அடித்தது. எல்லோரும் கால் நீட்டினார்கள். ஹாமுதுரு எழுந்து, கோரிக்கைகள் மூன்றும் ஏற்கப்பட்டன என்றார். யாரும் கைதட்டவில்லை, எல்லோரும் சதீஸ்குமாரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இனி அவன் பேசலாம். நிஷாந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு, வரப்போகிற பிரசங்கத்துக்கு முன்னால் தப்பித்துவிட எழுந்தாள்.

அவன் தொண்டையைச் செருமினான்.

“அப்புறம்?” என்று கேட்டான்.

அவள் நின்றாள். குசுமா நகர்ந்து இடம் விட்டார். நிஷாந்தி திரும்பவும் உட்கார்ந்து, “ரெண்டாவது” என்று ஆரம்பித்தாள்.