பின்னால் வருபவனுக்கு

அப்பிசாய் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு காலை வாசலுக்கு உள்ளே வைத்திருந்தான். தாழம்பாயில் தலையணைகளுக்கு நடுவே சாய்ந்து கிடந்த அப்பாவின் இடது கை மெல்ல எழுந்தது. விரல்களை மடக்கி, கட்டைவிரலை மட்டும் தரையைப் பார்த்து நீட்டினார். பிறகு உள்ளங்கையை விரித்துக் காற்றைக் கீழே அமுக்கினார். இரண்டு தரம். கண்கள் மகன் முகத்தை விட்டு அசையவில்லை.

அவன் அப்படியே நின்றுவிட்டான்.

"அவருக்கு நினைவு சரியா இல்லண்ணே. நீ உள்ள வா" என்றாள் தங்கை அசெனாதா.

"என்னை நல்லாத் தெரியுது. பாரு, கண்ணெடுக்காமப் பாக்குறாரு. வேற யாருக்காச்சும் இப்படிக் கையைக் காட்டினாரா?"

அவள் தலையணையைச் சரிசெய்யக் குனிந்தாள். பொய் சொல்லத் தெரியாதவள்.

அவன் காலை வெளியே எடுத்தான். முதுகுக்குப் பின்னால் அப்பாவின் கை பாயில் விழும் சத்தம் கேட்டது. அப்பாடா என்று விட்டது போல ஒரு பெருமூச்சும் கேட்டது.

காலையில்தான் அசெனாதா நவுசோரி பஸ் நிலையத்துக்குப் போன் செய்திருந்தாள். வாதம் அடித்து ஒரு வாரமாகிறது, வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது என்று. ஓட்டிக்கொண்டிருந்த பஸ்ஸை இன்னொருவனிடம் விட்டுவிட்டு, டிரைவரின் நீலச் சட்டையோடே படகு பிடித்து வந்திருந்தான். பதினாறு வருஷத்துக்குப் பிறகு.

அப்பா இனோகே வாலிபத்தில் மலாயாக் காட்டில் இரண்டு வருஷம் ரோந்து போனவர். வரிசையில் முதல் ஆள். ஊரே அதைச் சொல்லும், அவர் சொன்னதில்லை. பத்தொன்பது வயதில் அப்பிசாயை அவரே பட்டாள முகாமில் கொண்டுபோய் விட்டார். பதினோராம் நாள் அவன் வேலி தாண்டி ஓடி வந்தான். படித்துறையில் நின்றுகொண்டிருந்த அப்பா அடிக்கவில்லை, கத்தவில்லை. "இனிமே என் வாசலை மிதிக்காதே" என்றார். அவ்வளவுதான்.

ஈரப்பலா மரத்தடியில் உட்கார்ந்திருந்தவனுக்கு அசெனாதா தேநீரும் அவித்த மரவள்ளிக்கிழங்கும் கொண்டுவந்தாள்.

"தூங்குறாரு. ஒரு வாரமா இல்லாத தூக்கம். சத்தமில்லாம வந்து பக்கத்துல கொஞ்ச நேரம் உக்காந்துட்டுப் போயேன்."

"நான் போனதும் தூக்கம் வந்துடுச்சாக்கும்."

"அண்ணே..."

"முழிக்கட்டும். அவரே கூப்பிட்டா வரேன்."

நாலு மணிக்கு உள்ளேயிருந்து அசெனாதாவின் குரல் கிழிந்து வந்தது. அவன் ஓடினான். இந்தத் தடவை தடுக்க எந்தக் கையும் எழவில்லை.

அடக்கம் சனிக்கிழமை. காலையிலேயே வீடு நிறையப் பாய் விரித்துப் பெண்கள் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். ஆண்கள் கொட்டகையில் குடிப்பதற்கு யங்கோனா வேர்ப்பொடியைக் கரைத்துக்கொண்டிருந்தார்கள். அப்பிசாய் அவர்களோடும் சேராமல், உள்ளேயும் போகாமல், விறகு பிளந்துகொண்டிருந்தான். தேவைக்கு மேலேயே பிளந்தாகிவிட்டது.

ஆற்றின் எதிர்க்கரையிலிருந்து சக்கியூசா மாமா படகில் வந்தார். அப்பாவோடு மலாயாவுக்குப் போனவர். கைத்தடியை ஊன்றிக் கரையேறி, பெட்டியருகே வெகுநேரம் உட்கார்ந்துவிட்டு வெளியே வந்தார். அசெனாதா அவருக்கு ஒரு சிரட்டை யங்கோனா நீட்டினாள். வழக்கப்படி ஒருமுறை கைதட்டி வாங்கி ஒரே மடக்கில் குடித்தார்.

"உங்கப்பன் நல்லா இருந்தப்பவே வாயத் திறக்க மாட்டான். பேச்சு போனதை எப்படிம்மா கண்டுபிடிச்சீங்க?"

அழுதுகொண்டே சிரித்தாள் அவள்.

"கடைசியா என்ன கேட்டான்? தண்ணியா?"

அசெனாதா அண்ணனை ஒரு பார்வை பார்த்தாள். "ஒண்ணும் கேக்கல மாமா. அண்ணன் வந்தப்போ இப்படிக் காட்டினாரு" என்று கட்டைவிரலைக் கீழே நீட்டினாள். உள்ளங்கையால் காற்றை அமுக்கினாள்.

கிழவர் சிரட்டையைக் கீழே வைத்தார்.

"எந்தக் கையில?"

"இடது கை. அதுதானே அவருக்கு வந்துச்சு."

"காட்டுலயும் இடது கைதான். வலது கையில துப்பாக்கி இருக்கும்." அப்பிசாய் பக்கம் திரும்பினார். "டேய், நீ எத்தனை நாள் இருந்தே முகாம்ல?"

கோடரி நின்றது. "பதினோரு நாள்."

"சைகைப் பாடம் மூணாவது வாரம்தான் நடத்துவாங்க" என்றார். குத்திக்காட்டுகிற குரல் இல்லை. "கட்டைவிரல் கீழ போனா, எதிரே எதிரி இருக்கான்னு அர்த்தம். உள்ளங்கை கீழ போனா, அப்படியே பதுங்கு, மேல வராதே."

"என்னைத்தான் எதிரின்னு..."

"போடா மடையா. எதிரிக்கு எவனாச்சும் சைகை காட்டுவானா? முதல் ஆள் காட்டுற சைகை அவனுக்குப் பின்னால வர்றவனுக்கு."

கொட்டகையிலிருந்த ஆண்கள் இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஒரு தடவை காட்டினான்" என்றார் மாமா. "பின்னால வந்த பையன் கால்ல ஏறின அட்டையைப் பாத்துக்கிட்டிருந்தான். சைகையைப் பாக்கல. ரெண்டு எட்டு கூட வெச்சான், குண்டு பாஞ்சிடுச்சு. நான் மூணாவது ஆளு. அவனைத் தூக்கிட்டு வந்தது உங்கப்பன். ஒரு பகல் பூரா, முதுகுல. அந்தப் பையனுக்குப் பத்தொன்பது வயசு."

அப்பிசாய் கோடரியைக் கட்டையில் சாத்தப் போனான். அது நிற்காமல் விழுந்தது.

"இதெல்லாம் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே மாமா. சொல்லாமலே என்னைக் கொண்டுபோய் விட்டாரே."

"ஆமா. அது தப்புதான். நான் அவன்கிட்டயே சொன்னேன். ஒரு மாசம் என்னோட பேசல." மாமா தடியின் பிடியைத் தடவினார். "அவன் கையைக் காட்டினப்போ நீ என்ன பண்ணினே?"

"நின்னுட்டேன்."

"அப்புறம்?"

"அப்படியே பின்னால போயிட்டேன்."

"அதுக்கப்புறம்தான் அப்பா தூங்கினாரு" என்றாள் அசெனாதா, யாருக்கும் சொல்லாததுபோல.

மாமா தலையை மட்டும் ஆட்டினார்.

அப்பிசாய் உள்ளே போனான். பெண்கள் பாயில் ஒதுங்கி இடம் விட்டார்கள். பெட்டியைத் தூக்கும் நேரம் வரை அங்கேயே இருந்தான். என்ன செய்தான், என்ன சொன்னான் என்று அந்தப் பெண்கள் பிறகும் யாரிடமும் சொல்லவில்லை.

கல்லறைத் திடலுக்குப் போகும் வழியில் மழை பிடித்துக்கொண்டது. சேப்பங்கிழங்கு வயல் வரப்பு வழுக்கியது. பாதி வழியில் சித்தப்பா மகன் வந்து, "தோள் மாத்திக்கலாம்ணே" என்றான். அப்பிசாய் வேண்டாம் என்று தலையசைத்தான். மறுபடி கேட்டபோதும் அப்படியே.

எல்லாம் முடிந்து, ஊர் சாப்பிட உட்கார்ந்தபோது சக்கியூசா மாமா கிளம்பினார். வெள்ளம் ஏறுவதற்குள் போக வேண்டும் என்றார். அப்பிசாய் அவரைக் கைத்தாங்கலாகப் படகில் உட்காரவைத்து, முழங்கால் ஆழம் வரை தள்ளிக்கொண்டு போய் விட்டான். மோட்டார் இரண்டு தரம் இருமிவிட்டுப் பிடித்தது.

"பாத்துப் போங்க மாமா."

கிழவர் திரும்பிப் பார்க்காமல் தடியைத் தூக்கிக் காட்டினார்.

படகு சிறுத்துக்கொண்டே போய் எதிர்க்கரையில் முட்டியது. அவர் இறங்கினார். கயிற்றைக் கட்ட நேரமானது. பிறகு தடியை ஊன்றி, நின்று நின்று, கண்டல் மரங்களுக்கு நடுவே ஏறினார்.

"அண்ணே, சாப்பாடு ஆறுது" என்று கரையிலிருந்து அசெனாதா கூப்பிட்டாள்.

"இதோ வரேன்."

மாமாவின் வெள்ளைச் சட்டை மரங்களுக்குள் ஒருமுறை தெரிந்தது, மறைந்தது, மறுபடி தெரிந்தது. தண்ணீர் அவன் தொடைக்கு ஏறியிருந்தது. அவன் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தான்.